பதினொரு சதவீதத்தில் நின்றது

ஜனவரி 12

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த வண்டியைப் பிடித்துக் கிளம்பிவிடுவாய். அதனால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம் என்று வைத்துக்கொள். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்தே கிடக்காதே.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன் மாமா தன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "பேச்சு இல்லாதவனுக்கு எதுக்கு போன்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் என் போனை வாங்கித் தட்டுகிறார். நீ அனுப்பும் செய்தியெல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். கூப்பிட்டுப் பேசலாம் என்றால் வீடு இருப்பதே ஒரு கூடமும் ஒரு அறையும். அவருக்குப் போனது குரல்தான், காது இல்லை. அதனால் பதிலை நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்து முகவரிக்கே எழுது.

விஷயம் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று வாரம் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வாக்கியம் பேசிப் பதிவு செய்தாரே, நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க்கில், அது திறக்கவில்லை. கம்பியைச் செருகினால் "ஃபார்மேட் செய்தால்தான் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டி வருகிறது. வேறு எங்கும் நகல் இல்லை. ஒரு நகல் எடுத்து வை என்று நீ சொன்னாய். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் மார்ச் கடைசிக்குள் அந்தப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் மாமா தட்டுவதை அவர் குரலிலேயே பேசும் கருவியைத் தயார் செய்வார்கள். தவறினால் கருவி ஏதோ ஒரு அந்நியன் குரலில் பேசும். முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அறிவித்த மனிதர் அவர். இனி ஒரு தடவை பேசிப் பதிவு செய்ய முடியாது என்பது உனக்கே தெரியும்.

என்ன செய்யட்டும், சொல்.

அவசரமாக எழுதும்,
உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். இடுப்பு தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மாமாவின் கழுத்துக் காயம் ஆறிவிட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் எழுது.

முதலில் பயப்படாதே. டிஸ்க் திறக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாசல் பலகை விழுந்துவிட்டது, வீடு அப்படியே இருக்கலாம். ஆனால் இதை மட்டும் கேள்: அந்தப் பெட்டி என்ன கேட்டாலும் "வேண்டாம்". பழுது பார்க்கவா என்று கேட்டாலும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் சரி செய்கிறேன் என்றால் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடு.

வேறு கம்பியில் ஒரே ஒரு முறை செருகிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. விளக்கு எரிகிறதா? டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வருகிறதா? திரையில் வரும் வாசகத்தை ஒரு எழுத்து விடாமல் எழுது. யாராவது "ஃபார்மேட்" என்பதை அமுக்கி, உள்ளே இருப்பதைத் துடைக்கத் தொடங்கினார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம்.

எனக்கு எட்டு வயதில், உங்கள் கல்யாணம் முடிந்த வாரம், மாமாவின் ரேடியோவை மாடியிலிருந்து கீழே போட்டேன், நினைவிருக்கிறதா? கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். அவர் குனிந்து பார்த்து "பரவால்ல, விடு" என்றார். அவ்வளவுதான். அந்த "விடு"வை ஒரு இழுப்பு இழுப்பாரே. நான் வெளியே வந்தது அந்த இழுப்பை நம்பித்தான். அந்தக் குரல் எனக்கும் வேண்டும், அக்கா.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சின்னவன்

ஜனவரி 27

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் மூன்று முறை படித்தேன். மாமாவின் காயம் ஆறிவிட்டது. நான் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்தான் நினைவிருப்பதில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில். கம்பியை மாற்றிவிட்டேன், அதே கதைதான். விளக்கு எரிகிறது, நடு நடுவே அணைகிறது. வாசகம் இது: "இயக்ககத்தில் உள்ள வட்டைப் பயன்படுத்துமுன் அதை ஃபார்மேட் செய்ய வேண்டும். ஃபார்மேட் செய்ய விரும்புகிறீர்களா?" கீழே இரண்டு பொத்தான்.

சத்தம் வருகிறது. நீ எழுதிய மாதிரியே டக், டக். அதைக் கேட்டதும் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். நான் சத்தத்தைப் பற்றி எழுதவே இல்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு அதைவிடப் பயம் உன் மாமாவைப் பார்த்தால்தான். டிஸ்க்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதிக் கேட்கவில்லை. குறித்துக் கொடுத்த தேதி நாள்காட்டியில் சிவப்பாக இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடிக்கிறார், திரும்புகிறார். கேட்டால் என்ன சொல்வது என்று நான் தினம் ஒரு பதில் தயார் செய்து வைக்கிறேன். அவர் கேட்பதே இல்லை.

கலக்கத்துடன்,
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

சத்தம் என்றால் இனி அதை அங்கே ஒரு தடவைகூடச் செருகாதே. எனக்கு அனுப்பிவிடு. துணியில் சுற்றாதே, பஞ்சு மெத்தைத் துண்டு நாலு பக்கமும் வைத்து, பெட்டிக்குள் அசையாதபடி கட்டு. சத்தம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாதா? அதை விடு.

நான் ஐந்து கேள்வி கேட்டேன். நீ நாலுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய்.

சின்னவன்

பிப்ரவரி 10

அன்புள்ள சின்னவனுக்கு,

பார்சல் இன்று கிளம்பியது. உனக்குக் கண்ணாடி டம்ளர் அனுப்புகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். பழைய சோபாவின் பஞ்சை அவரே அளந்து வெட்டிக் கொடுத்தார். நான் கயிறு எடுக்க உள்ளே போய் வருவதற்குள் பெட்டியை மூடி ஒட்டியும் விட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் இந்த ஒரு மாதத்தில்தான்.

ஆய்வகத்தில் நேற்று ஒருவரின் ரத்தம் இருந்த சோதனைக் குழாயில் இன்னொருவரின் எண் சீட்டை ஒட்டப் போனேன். பக்கத்தில் இருந்த பெண் பார்த்துத் தடுத்தாள். "என்னக்கா, உங்களுக்கே கை தவறுதா?" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

நீ கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. பெட்டியில் இருந்த எல்லாம் கிடைத்தது. மாமா கட்டிய கட்டு, பிரிக்கவே அரைமணி ஆயிற்று.

டிஸ்க்கில் இருப்பதை முழுவதும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் நின்று நின்றுதான் படிக்கிறது. இரண்டு வாரமாவது ஆகும். அது வரைக்கும் நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து பதினொரு சதவீதம் வரை ஒன்றுமே இல்லை. வரிசையாகச் சைபர். டிஸ்க் தானாகக் கெட்டால் அங்கங்கே பொத்தல் விழும், இப்படிப் பெருக்கித் துடைத்த மாதிரி இருக்காது. ஃபார்மேட் தொடங்கி, பாதி வழியில் பிழை காட்டி நின்றிருக்கிறது. யாரோ தொடங்கியிருக்கிறார்கள்.

எப்படித் தொடங்கியது, எத்தனை தடவை என்று தெரிந்தால் நான் தேடும் வழியை அதற்கேற்ப மாற்றலாம். அதற்காகத்தான் கேட்கிறேன். நான் யாரையும் திட்டப் போவதில்லை. திட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவே இருக்கிறது.

சின்னவன்

மார்ச் 3

அக்கா,

பத்து நாளாகப் பதில் இல்லை. ஆய்வகத்துக்குப் போன் செய்தேன், ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றார்கள். மறுபடி செய்தேன், இப்போதுதான் வெளியே போனாய் என்றார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? டிஸ்க்கைப் பற்றி எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

சின்னவன்

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். போன் வந்தபோது பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்லச் சொன்னது நான்தான்.

அமுக்கியதும் நான்தான்.

எங்கள் ஆய்வகத்து மெஷினை நீ பார்த்ததில்லை. ஒரு தொகுதி ரத்தம் பார்த்து முடித்ததும் கேட்கும், கழுவவா என்று. ஆம். விரைவுக் கழுவலா, முழுக் கழுவலா? விரைவு என்ற இடத்தில் தானாக ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். விரைவாகக் கழுவினால் முன்னால் வந்தவரின் ரத்தம் குழாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்தவருக்கு இல்லாத நோயைக் காட்டும். டிக்கை எடுத்த பிறகு நிச்சயமா என்று கேட்கும். ஆம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, இருபத்திரண்டு வருஷம். படித்து அமுக்குவதில்லை. கை அமுக்கும், நான் அடுத்த சீட்டைப் பார்ப்பேன்.

ஜனவரி பத்தாம் தேதி மதியம், உன் மாமா அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சுப் பயிற்சி அம்மாவுக்குக் கொடுக்க எடுத்து வைக்கலாம் என்று டிஸ்க்கைச் செருகினேன். பெட்டி வந்தது. என் கண் அவர் மருந்துச் சீட்டில் இருந்தது. ஃபார்மேட் செய்யவா? ஆம். அதிலும் "விரைவு" என்று ஒரு டிக் இருந்தது, சின்னவனே. நான் அதை எடுத்துவிட்டேன். நிச்சயமா? ஆம். பச்சைக் கோடு ஒன்று ஓட ஆரம்பித்தது. பதினொன்று வந்ததும் நின்று, "ஃபார்மேட்டை முடிக்க இயலவில்லை" என்று வந்தது. அப்போதுதான் நான் முதல் தடவையாகப் படித்தேன்.

உனக்கு முதலில் எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயம். என் புருஷன் குரலை என் கையாலேயே துடைத்துவிட்டேன் என்று எழுத எந்தப் பேனாவைத் தேடுவது? வீட்டில் அவர் சிலேட்டை எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைக்கிறேன். "கதவைச் சாத்து" என்று எழுதிக் காட்டுகிறார்.

ஒரே ஒரு தடவைதான் நடந்தது. அதன் பிறகு "ஆம்" என்று எதையும் அமுக்கவில்லை. இப்போது சொல், எல்லாம் போய்விட்டதா?

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கையில் கிடைத்த உடனே எழுதுகிறேன். எல்லாம் போகவில்லை. ஆயிரத்து நாற்பத்து மூன்று பதிவுகள் கிடைத்துவிட்டன. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

இப்போது என் முறை. நீ அவசரமாக டிஸ்க் கேட்டாய், பதிவு இரண்டு நாளில் தொடங்குகிறது என்றாய். கடையில் புதியது தீர்ந்திருந்தது. ஒரு செருப்புக் கடையின் பாதுகாப்புக் கேமராவிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் புது உறையில் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் நல்லதாக மாற்றித் தரலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அடுத்த வாரமாகவே போயிற்று. நகல் எடு என்று உன்னை நச்சரித்தது அதனால்தான். டக் டக் சத்தம் எனக்குத் தெரிந்ததும் அதனால்தான். உன் முதல் கடிதத்தைப் பிரித்த நிமிடத்திலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பெட்டி உன் முன்னால் வந்ததற்கே காரணம் நான் அனுப்பிய டிஸ்க்.

ஆனால் இதையும் கேள். அது இன்னும் கொஞ்சம் நல்ல டிஸ்க்காக இருந்திருந்தால் உன் கைச்சுத்தத்துக்கு நூறு சதவீதமும் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும். கெட்டுப்போன இடம் ஒன்று பதினொன்றாவது சதவீதத்தில் குறுக்கே படுத்துக்கொண்டு உன்னை நிறுத்தியிருக்கிறது. என் தவறு உன் தவறைப் பாதியில் நிறுத்தியதால்தான் மாமாவின் குரல் மிஞ்சியது.

ஒரு சிக்கல். பெயர்ப்பட்டியல் இருந்த இடம் துடைபட்டுவிட்டது. பதிவுகளுக்கு வரிசை எண் இல்லை, எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கேட்டு, இது அவர் பார்த்துப் படித்த அச்சுத்தாளில் எத்தனையாவது வாக்கியம் என்று ஒருவர் எழுத வேண்டும். புதிய டிஸ்க்குகள் இரண்டு, உண்மையிலேயே புதியவை, இன்று அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று பீரோவுக்கு. செருப்புக் கடை வீடியோக்களும் கொஞ்சம் மீண்டு வந்துவிட்டன. கண்ணில் பட்டால் அழித்துவிடு. வேண்டாம், நீ எதையும் அழிக்காதே.

தலை குனிந்து,
சின்னவன்

மார்ச் 30

செருப்புக் கடைக்காரனுக்கு,

திட்டுவதற்காக ஒரு முழுத்தாள் எடுத்து வைத்தேன். பிறகு என் பக்கத்தை நினைத்துக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம், சாப்பாட்டு இடைவேளை முழுவதும், ஆய்வகத்தின் மருந்துக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "மூன்றாவது மாடியில் விளக்கு எரிகிறதா?" "என் குடையை யார் எடுத்துப் போனது?" இப்படியே ஆயிரம். யார் எழுதிய வாக்கியங்களோ, அவர் குரலில் வந்ததும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வாய் வருகிறது. பக்கத்துப் பெண் கேட்டாள், "யாருக்கா லைன்ல? தினமும் பேசுறீங்க." "எங்க வீட்டுக்காரர்" என்றேன். "நீங்க பேசவே இல்லையே?" "அவரு பேசட்டும்னுதான்" என்றேன்.

அவர் வேண்டாம் என்று அழித்த பதிவுகளும் உன் வலையில் மாட்டியிருக்கின்றன. ஒன்றில் இருமுகிறார். ஒன்றில் நான் சமையலறையிலிருந்து "சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று கத்துகிறேன், அவர் "இரு, இன்னும் நாலு வரிதான்" என்கிறார். அதை நான் அச்சுத்தாளில் தேடினேன். மூன்று தடவை தேடின பிறகுதான் அது தாளில் இருக்காது என்று உறைத்தது. அன்று மதியம் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

நேற்று பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தொள்ளாயிரம் இருந்தாலே போதும் என்றார். தொலைந்ததில் முதல் தாள் முழுவதும் இருக்கிறது, வா, போ, விடு, எடு என்ற சின்னச் சின்னச் சொற்கள். கருவியே அவற்றைக் கோத்துக்கொள்ளும் என்றார். எப்படி வரும் என்று உறுதி சொல்லவில்லை.

இனிதான் எனக்குப் பெரிய பயம். மாமாவிடம் சொல்லிவிடட்டுமா? சொல்லாமல் இருந்தால் அந்தக் கருவி பேசும் ஒவ்வொரு சொல்லும் என்னைக் குத்தும். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே முடியவில்லை.

அக்கா

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது சொல்லாதே. கருவி வரட்டும். ஏன் என்று கேட்காதே, நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் தம்பி பேச்சைக் கேள்.

வேளைக்குச் சாப்பிடு.

சின்னவன்

மே 5

அன்புள்ள கள்ளனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். இந்த முறை அப்படி எழுதுவது பொய் இல்லை என்பதைக் கவனி.

நேற்று கருவியைக் கொடுத்தார்கள். பேச்சுப் பயிற்சி அம்மாவின் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி. முதல் தாள் சொற்களில் ஒன்றை அவர் அடித்து, அது வேறு யாரோ பேசுவது போல வந்துவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "ஏதாவது அடிச்சுப் பாருங்க சார். உங்க பேரு, எதுவா இருந்தாலும்" என்றார் அந்த அம்மா. உன் மாமா கருவியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"பரவால்ல, விடு."

அவர் குரல்தான். இரண்டு சொல்லுக்கும் நடுவே கொஞ்சம் அதிகமாக நின்றது. ஆனால் "விடு"வில் அந்த இழுப்பு இருந்தது. "விடுமுறை நாளில் கடை திறக்குமா" என்ற வாக்கியத்திலிருந்து கருவி எடுத்துக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு அந்த அம்மா சொன்னார்.

"என்ன பரவால்ல? எதை விடணும்?" என்று கேட்டேன்.

மறுபடி தட்டினார். "ஜனவரி பத்து. மதியம். நான் தூங்கல."

அன்று வீட்டில் நடந்ததை ஒவ்வொன்றாகத் தட்டினார். அறை வாசலில் நின்று அந்தப் பச்சைக் கோடு நிற்கும் வரைக்கும் பார்த்திருக்கிறார். ஓடி வந்து தடுக்கக் கால் எழவில்லை, கத்தக் குரல் இல்லை. அது தானாக நின்றதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

"நாலு மாசமா ஏன் சொல்லல?" என்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "நான் செத்துச் செத்துப் பொழைச்சேன், தெரியுமா?"

இந்த முறை வெகுநேரம் தட்டினார். பேச்சுப் பயிற்சி அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கருவி சொன்னது: "சிலேட்டுல ஏழு தடவை எழுதினேன். எழுதிப் பார்த்தா, பரவால்லன்னு படிக்கிறப்போ கோபமா இருக்கற மாதிரியே இருந்துச்சு. அழிச்சுட்டேன். நீ நம்பணும்னா வாயால சொல்லணும். வாய் வரட்டும்னு வெச்சிருந்தேன்."

வராமலே போயிருந்தால் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிறகுதான் உன் வண்டவாளம் வெளியே வந்தது. பிப்ரவரியில் நான் கயிறு எடுக்கப் போன இடைவெளியில் பஞ்சுக்கு நடுவே உனக்கு ஒரு சீட்டு வைத்தாராமே. "மாப்ளே, அவளைத் திட்டாதே. எனக்குத் தெரியும்னு சொல்லாதே" என்று. அதை வைத்துக்கொண்டுதான் "உத்தரவு இருக்கிறது" என்று எழுதினாயா? அந்தச் சீட்டு எனக்கு வேண்டும். அடுத்த தபாலில் அனுப்பு.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து தன் போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவர் போனுக்கு ஒரு செய்தி அனுப்பு, அன்று மாலை ஆறு மணிக்கு உன் போன் அடிக்கும். எடு. ஒரு வாக்கியம் தட்ட அவருக்கு நேரம் ஆகும். சத்தமே வரவில்லை என்று "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடாதே. காதில் வைத்துக்கொண்டு பொறுமையாக இரு. பேசுவார்.

அன்புடன்,
உன் அக்கா